தலைமாடு கிழக்கே

என் வீட்டுக்காரரைத் தலைமாற்றிப் புதைத்துவிட்டோம். அதற்குக் காரணம் நான்தான். எங்கள் சபையில் இது தெரியாத ஆள் கிடையாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

எங்கள் ஆட்களை அடக்கம் செய்யும்போது தலை மேற்கேயும் கால் கிழக்கேயும் இருக்க வேண்டும். கடைசி நாளில் எக்காளம் ஊதும், ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார், மரித்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததும் நேரே அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தென்காசியில் எங்கள் கல்லறைத் தோட்டம் முழுக்க, குற்றால மலைக்கு முதுகைக் காட்டி எழும்பத்தான் எல்லாரும் காத்துக் கிடக்கிறார்கள்.

அவரை அடக்கம் செய்த அன்று நல்ல சாரல். குழிக்கரையில் பெட்டியைத் திறந்து கடைசியாக முகம் பார்க்கும் நேரத்தில், நான் சகதியில் வழுக்கி அவர் கால் பக்கம் போய் நின்றுவிட்டேன். முன்னால் ஒரே குடைக் கூட்டம். "எனக்கு மொகம் தெரியலையே, இந்தப் பக்கம் திருப்புங்களேன்!" என்று கத்தினேன். நாலு பேர் பெட்டியைத் தூக்கி அப்படியே திருப்பி வைத்தார்கள். அவர் நெற்றியில் விழுந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தேன். அதற்குள் மழை வலுத்துவிட்டது. மூடினார்கள், மாலைகளைப் போட்டார்கள், இறக்கினார்கள். திருப்பிய பெட்டியை மறுபடி திருப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கல்லறை கட்ட வந்த கொத்தனார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அன்றைக்குக் கயிறு பிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

"அக்கா, சிலுவைய எங்கன வைக்க? தலைமாட்டுலதான வைக்கணும். அண்ணாச்சிக்குத் தலைமாடு கிழக்கல்லா கெடக்கு. பெட்டியில அகலமான பக்கம், கிழக்க நின்ன என் கயித்துக்குத்தான் வந்துச்சு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் குழிக்கரையில் நான் கத்தியது ஞாபகம் வந்தது.

சாயங்காலத்துக்குள் இலஞ்சியிலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, வந்துவிட்டார்.

"பாவி மட்ட! என் தம்பி ஆண்டவருக்கு முதுகக் காட்டிட்டு எந்திரிக்கும்படி பண்ணிட்டியேட்டி!"

மதினி பயந்ததற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் மினி பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. கோயிலில் முதல் மணி அடிக்கும்போது தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பிவிடுவார். தண்ணீர் வற்றிய மாதங்களிலும் கோயிலுக்கு வரமாட்டார், அது வேறு விஷயம். அவர் மனந்திரும்ப வேண்டும் என்று மதினி வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடந்து ஜெபித்தவர். பெட்டி திரும்பியது அவருக்குத் தீர்ப்பு மாதிரிப் பட்டது. தோண்டித் திருப்பி வைக்க வேண்டும் என்று சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைக் கமிட்டிக்குக் கூப்பிட்டார்கள்; மதினியும் வந்திருந்தார். "குடும்பத்தார் மனநிம்மதிக்காக, சத்தமில்லாமல் திருப்பி வைத்து ஒரு ஜெபம் பண்ணிவிடலாமே" என்றார் போதகர். தன்மையானவர்தான். அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது.

"எந்தக் குடும்பத்தாருய்யா? நான் கட்டுனவ இங்கன நிக்கேன். ஒரு மாசம் மழையில ஊறுன பெட்டி. அதத் தூக்குனா என்ன ஆவும்னு யோசிச்சியளா? அவரத் தொடவிடமாட்டேன்."

"அதில்லம்மா, உயிர்த்தெழுதல் அன்னைக்கு..."

"கிழக்க வெட்டுத மின்னல் மேற்கு வரைக்கும் தெரியும்னு நீங்கதான பிரசங்கம் பண்ணுனிய? ஊருக்கெல்லாம் தெரியுத மின்னல் இவருக்கு மட்டும் தெரியாதா? கடல்ல செத்தவனுக்குத் தலைமாடு எது, கால்மாடு எது? நான் அடுப்படியில நின்னு கூப்பிட்டாலே திரும்பிப் பாப்பாரு. ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பமாட்டாராக்கும்!"

போதகர் நோட்டை மூடி வைத்தார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"அவன் நரகத்துக்குப் போயிருவானோன்னு பயமா இருக்குட்டி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை.

"மதினி, அருவியில குளிச்சதுக்காவ ஒங்க தம்பிய நரகத்துக்கு அனுப்புத ஆண்டவரா இருந்தா, நாம பெட்டியத் திருப்பி வச்சா மட்டும் ஏமாந்திருவாரா? அப்படிப்பட்டவரையா நீங்க பட்டினி கெடந்து கும்பிட்டிய?"

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. இதுதான் சமயம் என்று நானும் ஒரு விண்ணப்பம் வைத்தேன். அவர் கால்மாட்டுக்கு மேற்கே ஆறடி சும்மா கிடக்கிறது, அதை எனக்கு ஒதுக்க வேண்டும் என்றேன். போதகர் முகம் இளகிவிட்டது. புருஷன் காலடி போதும் என்கிறாளே என்று நினைத்திருப்பார், பாவம்.

"என்னய முறைப்படியே வையுங்க. தலை மேற்க, கால் கிழக்க" என்றேன்.

மதினிக்குத்தான் முதலில் பிடிபட்டது. அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அவன் மேற்கப் பாத்து எந்திரிப்பான். நீ கிழக்கப் பாத்து எந்திரிப்ப. எந்திரிச்சதும் ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கப் போறியளாக்கும்! மொதல்ல ஆண்டவர் மொகத்தையல்லா பாக்கணும்?"

"பாக்கத்தான் போறேன். அவரு ஒங்க தம்பிக்குப் பின்னாலதான வருவாரு, கிழக்கயிருந்து. எனக்கு ரெண்டு பேரு மொகமும் தெரியும். 'ஏங்க, பின்னால யாரு வந்திருக்கான்னு திரும்பிப் பாருங்க'ன்னு சொல்லிருதேன்."

மதினி மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த தன் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மறந்துராதட்டி. அவன் ஒரு தடவ சொன்னா கேக்கமாட்டான். ரெண்டு தடவ சொல்லு."