உச்சந்தலை எண்ணெயும் ஒரு விசிலும்

குற்றாலத்தில் போலீஸ்காரர் விசில் ஊதினால் வெள்ளம் வருகிறது என்றுதான் பொருள் என நான் நம்பியிருந்தேன். சுள்ளென்று வெயிலடித்தாலும் மலைக்கு மேலே மழை பெய்திருக்கலாம் அல்லவா?

அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன். அருவிக்கு நான்கடி இருக்கையில் விசில் கேட்டது.

“வெள்ளம்! எல்லாரும் ஓடுங்க!” என்று கத்திவிட்டு, இரண்டு முறை வழுக்கி விழுந்து, கார் நிறுத்துமிடம் வரை ஓடினேன். பின்னால் வந்தது என் மைத்துனன் மட்டுமே.

“அத்தான், எங்க ஓடுதீய?”

“வெள்ளம்லே!”

“ஒங்க தலையில வழியுத எண்ணெய்தான் வெள்ளம். அங்கன எல்லாரும் குளிக்காவ.”

திரும்பிப் போய், விட்ட இடத்தைக் கேட்டுக் கெஞ்சினேன். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர், “என்ன அண்ணாச்சி, வெள்ளம் வடிஞ்சிட்டா?” என்றார். வரிசையே சிரித்தது. அதன் வால் பாலத்தைத் தாண்டியிருந்தது. கண்ணில் எண்ணெய் எரிய, பக்கத்து ஊரான மேலகரத்து வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் குளித்தேன்.

அருவியில் ஷாம்பு போடக்கூடாது. யாரோ ஒருவர் போட்டார். அவரை வெளியே வரச் சொல்லித்தான் போலீஸ்காரர் விசில் ஊதியிருக்கிறார்.