தோய்ச்ச சிவப்பு

எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எட்டாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு பார்வை நரம்பு வருத்தத்தை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். எந்த டாக்டரும் இதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான். அவருக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தார்.

கூறைச்சீலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டாரின் வேலை. எடுத்ததைப் பொம்பிளைக்குக் காட்டுவது ஒரு மரியாதைக்கு. மாப்பிள்ளையின் தாயார் அதைக் கொண்டுவந்த நாளில் சித்திக்கு வலது கண்ணில் பெரிய கண்கட்டி. கண் வீங்கி முழுதாக மூடியிருந்தது. மிச்சமிருந்த இடது கண்ணால்தான் சீலையைப் பார்த்தார். வெறும் சிவப்பா அது? கதிரையில் விரித்ததும் சுவரே சிவந்துபோனது. எங்கள் எல்லோருக்கும் வாய் திறந்தபடி இருந்தது. சித்தி மட்டும் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு மாமி. ஆனா ஒருக்காத் தோய்ச்ச மாதிரிக் கிடக்கு."

புதுக் கூறையைப் பார்த்து ஒருமுறை துவைத்த சீலை என்றால் யாருக்குப் பொறுக்கும்? மாமி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுச் சீலையை மடித்துக்கொண்டு இறங்கினார். வாயைத் திறந்தது இரவு ஃபோனில்தான். பிள்ளைக்கு விருப்பமில்லையென்றால் நேரே சொல்லட்டும், சீலையில் சாட்டு வைக்க வேண்டாம் என்றாராம்.

அதன் பிறகு வீடு பொலிஸ் ஸ்டேஷன் ஆகிவிட்டது. சித்தி வேறு யாரையும் விரும்புகிறாரா என்று அம்மா விசாரிக்கத் தொடங்கினார். என்னையும் கூப்பிட்டு, சித்தியைத் தேடி யாரும் வருகிறார்களா என்று கேட்டார். தெரியாது என்று சொல்வது எனக்கு எப்போதும் வெட்கம். பாண்காரன் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து ஹோர்ன் அடிக்கிறான் என்றேன். பாவம், தன் ஓட்டோவில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் விற்க வந்த அந்த மனிதனை அம்மா ஒரு கிழமை, ஏழு நாளும், முறைத்துப் பார்த்தார்.

சித்தி அழுதார். சிவப்பு வெளிறித்தான் தெரிந்தது, பொய் சொல்லவில்லை என்றார். கண்ணைத் திருப்பினால் நோகிறது என்றும் சொன்னார். அது கண்கட்டி நோவு என்று எல்லோரும் சேர்ந்து முடிவுகட்டினோம். எந்தக் கண் நோகிறது என்று கேட்கிற மூளை ஒருவருக்கும் இருக்கவில்லை.

கண்கட்டி வற்றியதும் சித்தி பழையபடி என்னோடு கரம்போர்ட் விளையாட வந்தார். இடது கண்ணை மூடிக் குறி பார்த்தால் தப்பவே தப்பாது. தோற்றுத் தோற்று எனக்கு விசர் பிடித்துவிட்டது. இனி இடது கையால் அடிக்க வேண்டும், வலது கண்ணை மூட வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சித்தி சிரித்துக்கொண்டே வலது கண்ணை மூடினார். சிரிப்பு நின்றது. நடுவில் இருந்த சிவப்புக் காயைக் கையில் எடுத்தார். வலது கண்ணை மூடினார், திறந்தார், இடதை மூடினார்.

"அக்கா, இஞ்ச ஓடி வா."

நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பொரளைப் பக்கம் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் பெரிய மெஷின்கள் எல்லாவற்றிலும் பார்த்து முடித்துவிட்டு, மேசையிலிருந்த ஒரு போத்தலின் சிவப்பு மூடியைத் தூக்கிக் காட்டி, "மேக்க மொன பாட்டத, நங்கி?" என்று கேட்டார். என்ன நிறம் தங்கச்சி என்று சிங்களத்தில் கேட்கிறார். இதற்கா காசு கொடுக்கிறோம் என்று எனக்கு யோசனை. வலது கண்ணுக்கு மூடி சிவப்பு. இடது கண்ணுக்குச் சாயம் போன ரோஸ்.

கண்ணில் பிழையில்லையாம். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறதாம். இந்த வருத்தத்தில் முதலில் அடிபடுவது நிறம்தான், அதிலும் சிவப்பு. பெரும்பாலும் தானாகவே சரிவரும், ஊசிமருந்து ஏற்றினால் கொஞ்சம் கெதியாகச் சரிவரும் என்றார் டாக்டர். அப்பா எனக்கு விளங்கப்படுத்தினார்: டீவி நல்லம், கேபிள் வயரில்தான் பிழை.

ஊசிமருந்து ஏற்றச் சித்தியை வார்டில் மறித்து வைத்தார்கள். அம்மாவுக்கு மருந்தைவிட மாப்பிள்ளை வீடு பெரிய கவலை. ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார்கள். கண்ணில் வருத்தம் என்று கேள்விப்பட்டால் கலியாணம் அவ்வளவுதான். சித்தி கண்டிக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல எல்லோரையும் பழக்கினார். நான் கண்டியில் மழை என்றுகூடச் சேர்த்து வைத்திருந்தேன்.

சித்தி கட்டிலில் எழுந்திருந்து அப்பாவின் ஃபோனை வாங்கி, தானே மாப்பிள்ளைக்கு எடுத்தார். அம்மா பறிக்கப் போவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"உங்கட சீலையில பிழையில்லை. என்ர கண்ணிலதான் பிழை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

 மாப்பிள்ளை எந்த வார்டு என்று மட்டும் கேட்டிருக்கிறார். என் கண்டி மழை வீணாய்ப் போனது.

பின்னேரம் மாப்பிள்ளை வந்தார், கையில் சீலைப் பையோடு. கட்டிலில் கூறையை விரித்துவிட்டு, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார். நர்ஸ்மார் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"இந்தக் கண்ணுக்குக் கூறை," என்றார் சித்தி. மற்றக் கண்ணை மூடித் திறந்தார். "இந்தக் கண்ணுக்குப் பழஞ்சீலை."

"அப்ப என்ன பிரச்சினை? தாலி கட்டேக்க அந்தக் கண்ணை மூடிக்கொண்டு இரும்."

சித்தி அன்றைக்குத்தான் அவரை நிமிர்ந்து பார்த்தார், இரண்டு கண்ணாலும். மாமிக்கும் கோபம் போய்விட்டது. மருமகளின் வருத்தம் தெரிந்த கவலையைவிடச் சீலைக்கு நல்ல பெயர் கிடைத்த சந்தோஷம்தான் அவருக்குப் பெரிது.

வீட்டுக்கு வந்தபின் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் வேலையை மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். தாலி கட்ட முதல் தனியே விடலாமா? காவலுக்கு நான். பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் இருந்தேன். வேலையில் நான் சுத்தம்.

சில கிழமைகளில் டாக்டர் அந்த மூடியை மறுபடி காட்டினார். இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பு என்று சித்தி அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். இனி அடிக்கடி வரத் தேவையில்லை என்று டாக்டரும் சொன்னார். மாப்பிள்ளை வெளியே பஸ் தரிப்பில் நின்றார். என்ன மாதிரி என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தோய்ச்ச மாதிரித்தான் கிடக்கு," என்றார் சித்தி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப அடுத்த கிழமையும் வரத்தானே வேணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. பொய், நேற்றும் வலது கண்ணை மூடிக்கொண்டு கரம்போர்டில் சிவப்புக் காயைப் போட்டவ, டாக்டரும் வரவேண்டாம் என்று சொன்னவர் என்று அவ்வளவையும் கொட்டினேன். மாப்பிள்ளை என் பேச்சை மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காசுத் தாளை எடுத்துத் தந்து, எதிர்க் கடையில் ஐஸ்கிறீம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார், அவசரமில்லையாம்.

கடை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனை முழுவதுக்கும் ஃபோன் திருத்துகிற மனிதனுக்கு, ஒரு பொம்பிளை கண்ணுக்கு முன்னால் ஏமாற்றுவது தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவிடம் சொல்லி இந்தக் கலியாணத்தை நிறுத்தினால்தான் அந்த அப்பாவி தப்புவார் என்று தீர்மானித்தபடி, மிச்சக் காசுக்கு இரண்டாவது ஐஸ்கிறீமையும் வாங்கினேன்.