கூலிக்குப் புகழ்கிறவள்

விளம்பரப் பதிவு எழுதிப் பிழைக்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். அவளைப் பார்க்கிறவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கள்ளிக்குப்பத்தில் குடியேறிய புதிதில், எந்தக் கடையில் மாவு புளிக்காமல் கிடைக்கும், எந்தத் தெருவில் மழைக்கு வண்டி முங்கும் என்று வலைப்பதிவில் சும்மாதான் எழுத ஆரம்பித்தேன். எங்கள் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீட்டிலும் படித்தார்கள். நான் சொன்னேன் என்று பால்காரரையே மாற்றினார்கள். அந்தப் பேரைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். என்னிடம் இருந்த ஒரே சரக்கும் அந்தப் பேர்தான். இதெல்லாம் ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிவிட்டது.

முழங்கால்

அம்பத்தூரில் ஒருவர் மூட்டுவலித் தைலம் காய்ச்சி விற்கிறார். சொந்த அனுபவமாக எழுதவேண்டும் என்பது அவர் நிபந்தனை. எனக்கு மூட்டுவலியே கிடையாதே என்றேன். மனிதர் அசரவில்லை. "வலி உங்களுக்கே வரணுமா இன்னா மேடம்? ஊட்ல யாருக்காச்சும் கீதுல்ல, அத்த எடுத்துப் போடுங்க" என்றார்.

வீட்டில் இருந்தது என் கணவரின் முழங்கால். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதிவிட்டேன். அவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை. அங்கே பாதிப் பேர் என் பதிவைப் படிக்கிறவர்கள் என்பது எனக்கு மறந்துபோயிற்று. ஷிஃப்டுக்குப் போனதும் ஆளாளுக்கு விசாரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உன் பேரு கெடக்கூடாதுன்னு இன்னிக்குப் பூரா நொண்டிக்கிட்டே நடந்தேன்."

பதினோராவது ஆள்

குத்தம்பாக்கம் பக்கம் மனை விற்கிற ஒருவர் பதிவுக்கான குறிப்போடு, அதன் கீழே வரவேண்டிய பன்னிரண்டு கருத்துகளையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார். நானும் நேரில் போய் வாங்கினேன் அக்கா, சூப்பர் இடம், இந்த ரகம். பதினோராவதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. 'இது காசு வாங்கிக்கொண்டு எழுதினது மாதிரி இருக்கே' என்று ஒரு ஆள் கேட்கிறான். அதற்கு நான் மனம் நொந்து சொல்லவேண்டிய பதில் பன்னிரண்டாவது.

வேறு யாருக்கோ போகவேண்டியது தவறிப்போய் எனக்கு வந்துவிட்டதோ என்று போன் செய்து கேட்டேன். பொறுமையாகப் பாடம் எடுத்தார். "எல்லாரும் நல்லா கீதுன்னா டவுட்டு வந்துரும் மேடம். ஒருத்தன் சந்தேகப்பட்டாதான் மத்தவன் நம்புவான்."

பூந்தமல்லி பிரியாணி

இதற்குப் பிறகு என் புத்தி கெட்டுவிட்டது. என் புடவை நன்றாக இருக்கிறது என்று தங்கை சொன்னால்கூட, இவளுக்கு என்ன வேண்டுமோ என்று யோசிப்பேன். ஒரு நாள் என் கணவர் பூந்தமல்லியில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து பிரியாணி பிரமாதம் என்றார். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னது: "பசிச்சுது, சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

காசு வாங்காத பதிவு

போன மழையில் எங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. கீழே போய், தரைக்கடியில் தண்ணீர் தேக்குகிற சம்ப் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். நாற்றம் அடித்தது. சாக்கடை உள்ளே கலந்திருந்தது. உடனே அதை எழுதி, அடுக்ககத்து வாட்ஸப் குழுவிலும் போட்டேன்: குடிக்காதீர்கள், பாத்திரம்கூடக் கழுவாதீர்கள். இரண்டாம் மாடி வசந்தியின் குழந்தைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை, புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை.

அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுகிற மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் மாடிக்காரர், ஐடியில் வேலை பார்க்கிறவர், இந்தத் தடவை விளம்பரம் கேன் தண்ணிக்கா ஃபில்டருக்கா என்று குழுவில் கேட்டிருந்தார். அதற்கு ஆறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். மோட்டாரை அணைத்துவிட்டு மாடி ஏறி வசந்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தை, கையில் அப்போதுதான் கழுவிய பால்புட்டி. பதிவைப் படிக்கவில்லையா என்று கத்தினேன். அவள் முகத்தில் கேலி துளியும் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தாள்.

"கடைசி வரைக்கும் படிச்சேன்க்கா. எங்க வாங்கணும்னு நீங்க போடவே இல்லையே?"

அவளையும் மற்றவர்களையும் கீழே கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டியதும் ஒருவர் பாக்கியில்லாமல் நம்பினார்கள். எட்டு வருடம் எழுதிய எனக்கு இல்லாத மரியாதை அந்த நாற்றத்துக்கு இருந்தது.