துரையின் பாட்டில் கூவிய பறவை

நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள். இதில் என் கூடப் படித்தவனின் உயிர் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்ல எனக்கு மனசு வராது.

இலங்கை மலையெல்லாம், தேயிலைக்கு முன்னே, கோப்பி விளைந்த காலம். நாகப்பட்டினத்திலிருந்து தோணி ஏறி வந்து, கண்டியில் வாத்தியார் படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் இங்கிலீஷ் பாட்டு எங்களுக்கு மனப்பாடம். ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர். பெரிய கவி என்று சீமை வரைக்கும் பேர். அந்தி நேரம் பள்ளத்தில் கூவும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பறவையைப் பற்றிய பாட்டு. ஆட்களை அரை வயிற்றோடு வேலை வாங்கியவர் பறவைக்காக உருகியிருந்தார்.

துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். அவர் இருந்த பங்களாவைப் பார்த்தே தீரவேண்டும் என்று முத்துலிங்கம் என்னை இழுத்துக்கொண்டு போனான். என் அறைத்தோழன். வாய் ஓயாதவன்.

ஏறிச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காவல்காரர் கணபதியும் அவர் மனைவி பாலம்மாவும் மட்டும்தான் அங்கே. விறாந்தையில் துரையின் சாய்மனைக் கதிரை. துணி போட்டு மூடி, சாமி மாதிரி வைத்திருந்தார்கள்.

"இதுல உக்காந்துதான் எழுதுவாராம்டா" என்றான் முத்துலிங்கம்.

"வேற என்ன வேலை அவருக்கு? வெட்டிச் சாகத்தான் நம்ம ஆளுங்க இருந்தாங்களே."

பாலம்மா ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து, பள்ளத்தைப் பார்த்த படியில் வைத்தாள்.

"இதத் தொடாதீங்க தம்பி. குடிக்க உள்ள இருந்து தர்றேன்."

"யாருக்குக்கா இது? துரையோட பறவைக்கா?" என்றான் முத்துலிங்கம்.

குடிதண்ணீர் எடுக்க அவள் உள்ளே போய்விட்டாள்.

அவனுக்குத் தாகம். சட்டியைத் தூக்கினான். மடக் மடக்கென்று... கடைசிச் சொட்டு வரை.

"பறவைக்கு நாளைக்கு ஊத்தட்டும்."

மணி ஆறு இருக்கும். பள்ளத்தில் கூவியது.

ஊ... ஊ...

"டேய், பாட்டுல வர்றது!" வாயைக் குவித்து அவனும் திருப்பிக் கூவினான்.

பள்ளம் அடங்கியது. அப்புறம், கொஞ்சம் கிட்டத்தில்...

ஊ...

பறவை என்றால் சிறகடிக்கும். இது கோப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஏறியது.

சரக்... சரக்...

மூச்சு வாங்கும் சத்தம். பெண்பிள்ளை மூச்சு.

படிக்குக் கீழே நின்றது.

யாரும் இல்லை.

காலிச் சட்டி... தானாகக் கவிழ்ந்தது.

பாலம்மா ஓடிவந்தாள். "யாரு குடிச்சது?"

முத்துலிங்கம் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி..." என்றான்.

கொடுத்துக்கொண்டே இருந்தோம். எதுவும் உள்ளே நிற்கவில்லை. விடியும் முன் போய்விட்டான். வாந்திபேதி என்றார் வைத்தியர். இருக்கலாம். பாலம்மா சட்டியில் ஊற்றிய அதே குடத்துத் தண்ணீரைத்தான் நானும் குடித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை.

அவனைப் புதைத்த பிறகுதான் கணபதி வாய் திறந்தார். அங்கம்மா என்று ஒருத்தி, கோப்பிப் பழம் பறித்தவள். வாந்திபேதி கண்டதும் அவளைப் பள்ளத்தில் கொண்டுபோய்ப் போடச் சொன்னாராம் துரை. யாரும் கிட்டப் போகக் கூடாது. மூன்று அந்தி, தண்ணீர் கேட்டுக் கத்தியிருக்கிறாள். கடைசியில் வார்த்தை போய், வெறும் ஓலம்தான்.

"துரைக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு தம்பி. அந்தக் கதிரையிலதான் இருந்தாரு. எழுதிக்கிட்டு."

எனக்கு இப்போது வயது ஐம்பது. அந்தப் பாட்டைப் பிள்ளைகள் இன்னமும் ஒப்பிக்கிறார்கள். கவி வாழ்ந்த இடம் என்று பங்களாவைப் பார்க்க இன்னமும் ஆட்கள் போகிறார்கள். போன மாதம் போய்வந்த ஒருவர், பறவை நிஜம்தான் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"ஆனா ஐயா, பாட்டுல ஒண்ணுதானே? நான் ரெண்டு கேட்டேன். ஒண்ணு கூவுது... இன்னொண்ணு திருப்பிக் கூவுது."