நாற்பதாவது கரண்டித் தண்ணீர்

எசென்குலை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அத்தர்' என்பார்கள். கழிவுநீர் லாரி ஓட்டுகிறவருக்கு எங்கள் ஆட்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "அத்தர் வர்றாரு, மூக்கப் பொத்திக்குங்க!" என்று கடை வாசலில் யாராவது குரல் கொடுத்தால், "எல்லாம் உங்க வீட்டுச் சரக்குதான்யா, நான் வெறும் சுமைகூலி" என்று சிரித்துக்கொண்டே போவார்.

கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் அவர் ஓட்டியது பால் லாரி. பண்ணை கலைந்தது, மாடுகள் ஆளுக்கொரு பக்கம் போயின, லாரி துருப்பிடித்தது. பிறகு இஸ்ஸிக்-குல் ஏரியின் எங்கள் கரைக்குப் பணக்காரர்கள் வந்தார்கள். பார்லி விளைந்த நிலத்திலும் ஆப்ரிகாட் தோப்பிலும் மூன்று மாடி, நாலு மாடி என்று விடுதிகள் எழும்பின. அறைக்கு அறை கழிப்பறை, அறைக்கு அறை ஷவர். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும் என்று கட்டியவர்களில் ஒருவராவது யோசித்திருப்பார் என்கிறீர்களா? கொல்லையில் ஒரு குழி, அவ்வளவுதான். அதிலும் கெட்டிக்காரர்கள் குழிக்கு அடித்தளமே போடவில்லை. மண்ணே குடித்துவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டாம் பாருங்கள்.

மற்ற குழிகளை எசென்குல் உறிஞ்சி எடுத்து நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் கொண்டுபோனார். ஆனால் ஜூலை பிறந்தால் அந்த வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிடும். மத்தியானமே "தொட்டி ரொம்பிடுச்சு, நாளைக்கு வா" என்று கேட்டைச் சாத்துவார்கள். இங்கே விடுதி முதலாளி தைர்பெக் போனில் கத்துவார்: "யோவ், மாஸ்கோவுலேருந்து வந்தவங்க காலடியில என் குழித் தண்ணி ஓடுது! நீ எங்கய்யா ஊர் சுத்துறே?"

அப்படி ஒரு நாள் நிரம்பிய லாரியோடு திரும்பி வரும்போது, ஊருக்கு மேலே இருக்கும் காய்ந்த ஓடையில் குழாயைத் திறந்துவிட்டார். அந்த ஓடையில் தண்ணீர் பார்த்தவர் கிடையாது. கல்லும் முள்ளும்தான். சற்று நேரத்தில் மண் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்த முறை கை கூசவில்லை. போகப் போக நகரத்துப் பாதையே மறந்து போயிற்று. லாரி ஓடைப் பக்கம் திரும்புவதைப் பார்த்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஏரி புனிதமானது, அழுக்கை ஏற்றுக்கொள்ளாது, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு நாங்கள் எதைத்தான் அதில் கலக்க விடவில்லை!

இப்படி இருக்கையில் எசென்குலுக்குப் பேத்தி பிறந்தாள். மகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். மருமகள் மீரிமுக்கு இரண்டு முறை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. பெர்மெத், அதாவது முத்து என்று பெயர் வைத்தார்கள். குளித்து, சட்டை மாற்றி, கழுத்து வரை வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொண்ட பிறகுதான் எசென்குல் தொட்டிலருகே போவார். "மாமா, அவ மூக்கு இன்னும் அவ்வளவு கூர்மையாகல, சும்மா வாங்க" என்று மீரிம் சிரிப்பாள்.

நாற்பதாம் நாள் சடங்கை எடுத்து நடத்த வீட்டில் மூத்த பெண் இல்லை. எசென்குலின் மனைவி இறந்து வெகு காலமாகிறது. அதனால் மீரிமின் அம்மா சயாகான் ஏரியின் தென்கரையிலிருந்து வந்து இறங்கினாள். வந்ததும் முதல் வேலையாக வாளியைத் தேடினாள்.

"ஊத்து எந்தப் பக்கம், சம்பந்தி? நாப்பது கரண்டி தண்ணி ஊத்துலேருந்துதான் எடுக்கணும். என் மகள நான் அப்படித்தான் குளிப்பாட்டுனேன்."

ஊற்று இருப்பது அந்த ஓடை முடிகிற இடத்தில், ஏரிக்குக் கொஞ்சம் மேலே. ஊர்ப் பிள்ளைகளை ஒரு காலத்தில் அங்கே எடுத்த தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். இப்போதைய தாய்மார்கள் குழாய்த் தண்ணீரோடு முடித்துக்கொள்கிறார்கள். எசென்குல் கடைக்கு ஓடி, ஒரு கட்டு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து வைத்தார்.

சயாகான் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். வந்திருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"அடேங்கப்பா, சம்பந்தி பெரிய ஆளு! கடைத் தண்ணியில குளிக்க இவ என்ன மந்திரி பேத்தியா?"

"இல்ல, ஊத்து கொஞ்சம் கலங்கிக் கிடக்குன்னு…"

"யாரு சொன்னது? நீங்க கடைக்குப் போன நேரத்துல நானே போய்ப் பாத்துட்டேன். அடியில கெடக்குற கல்ல எண்ணலாம், அவ்வளவு தெளிவு."

உண்மைதான், தெளிவாகத்தான் இருந்தது. மண் எல்லாவற்றையும் வடிகட்டியிருக்கும் என்று அவரும் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரே ஒரு வார்த்தை பாக்கி. 'நான்தான் மேலே கொட்டுகிறேன்' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் விரிப்பில் பொரித்த ரொட்டி குவிந்திருந்தது, ஊர்ப் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் பேத்தியின் விசேஷத்தில் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? கூச்சம் அவர் நாக்கைக் கட்டிப்போட்டது.

ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கூடாது, அதிலுள்ள பரக்கத், அதாவது அருள், போய்விடும் என்பது வழக்கம். வெதுவெதுப்பாக்கி, மரக்கரண்டியால் மொண்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லிப் பெண்கள் ஊற்றினார்கள். கடைசிக் கரண்டி சயாகானுடையது. அதில் பாதியைக் குழந்தையின் நெஞ்சில் ஊற்றிவிட்டு, மீதியைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விட்டாள். பெர்மெத் சப்புக் கொட்டினாள். வெளியே பிள்ளைகள், வழக்கப்படி குழந்தையின் முதல் சட்டையில் மிட்டாய் முடிந்து நாயின் கழுத்தில் கட்டி, அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். எசென்குல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாலை குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அதற்கு மறுநாள் பால் குடிக்க மறுத்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"தாய்ப்பால் தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் குடுக்கல டாக்டர். சடங்குல ஒரு வாய் ஊத்துத் தண்ணி, அவ்வளவுதான்" என்றாள் மீரிம்.

"சுத்தமான ஊத்துதானே?"

"கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றாள் சயாகான். எசென்குல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அப்போதும் வாய் வரவில்லை. இதை எழுதும்போதுகூட அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு. விடிவதற்குள் பெர்மெத் போய்விட்டாள்.

விருந்தில் மற்ற எல்லோரும் கொதித்த டீதான் குடித்திருந்தார்கள். வேறு யாருக்கும் தலைவலிகூட வரவில்லை. அதனால் ஊர்வாய் தண்ணீரை விட்டுவிட்டு, கடைசிக் கரண்டி ஊற்றிய கையைப் பிடித்துக்கொண்டது. சயாகான் தன் பிள்ளைகளில் இரண்டைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். "கைராசி இல்லாதவகிட்ட கடைசிக் கரண்டியக் குடுக்கலாமா?" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். மீரிம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். சயாகான் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

எசென்குலால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள், முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் நடுவே எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஓடை, லாரி, ஊற்று, எதையும் மறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் காசிம் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உக்காரு அத்தரு. துக்கத்துல என்னென்னமோ பேசுறே."

"துக்கத்துல பேசல. எல்லாருக்கும் தெரியும், நான் எங்க கொட்டுறேன்னு!"

"மெதுவாப் பேசுய்யா! ஆகஸ்ட் மாசம் இது. என் மூணு ரூமுலயும் வாடகைக்கு ஆளு இருக்கு. உன் பேச்சு ரோட்டத் தாண்டிப் போச்சுன்னா நாளைக்கே எல்லாரும் பஸ் ஏறிடுவாங்க. அப்புறம் குளிர்காலத்துல பிள்ளைங்களுக்குப் பனிக்கட்டியவா ஊட்டுறது? நடந்தது ஆண்டவன் எழுதுனது."

"ஆமா, ஆண்டவன் எழுதுனது" என்று மற்றவர்களும் முகத்தைக் கைகளால் தடவித் துஆ பிரார்த்தனையை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். செருப்பு மாட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். முற்றம் காலியாயிற்று.

சயாகான் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். எசென்குல் அவள் முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தியம்மா, உங்க கை இல்ல. என் லாரிதான். அந்த ஊத்துக்கு மேல நான்தான் கொட்டுனேன். பிள்ளையக் கொன்னது நான்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண் கலங்கி வழிந்தது. பிறகு அவருடைய முரட்டுக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே என்னத் திட்டுது. பெத்த மகளே மூஞ்சி குடுக்க மாட்டேங்குறா. நீங்க ஒருத்தர்தான் என் பாவத்த உங்க தலையில தூக்கி வச்சுக்கப் பாக்குறீங்க. வேணாம் சம்பந்தி, எனக்காக இப்படிப் பொய் சொல்லாதீங்க. நான் பாத்தேன், தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சு."

"சத்தியமாச் சொல்றேன்…"

"போதும். இவ்வளவு நல்ல மனுஷர் வீட்டுல என் மக இருக்கா. அந்த ஒரு ஆறுதலோட போறேன்."