பீடியை விட்டேன் என்று இரண்டு முறை சொன்னேன்

அந்த ஞாயிறு எங்கள் ஜீவனஹள்ளி சபையில் இருந்தவர்கள்: போதகர் ஐயா. என் மனைவி மேரி. மகள் ஜெபா. நாற்காலி போடும் தாமஸ் அண்ணன். டோலக் வாசிக்கும் தம்பி. இன்னும் நாலைந்து குடும்பம். இவர்கள் முன்னால் எழுந்து, "கர்த்தர் என்னைப் பீடியிலிருந்து விடுதலையாக்கினார்" என்றேன். கை தட்டினார்கள்.

அது 2004. எனக்குப் பெயின்டிங் வேலை. இடது கால் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. "பீடியால ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நிறுத்தலைன்னா காலையே எடுக்கணும்" என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பீடியைத் தொடவில்லை. அந்தத் துணிச்சலில்தான் சாட்சி சொன்னேன். செவ்வாய்க்கிழமை, வேலை செய்த வீட்டு மொட்டைமாடியில் ஒன்று பற்றவைத்தேன்.

மேரி கண்டுபிடித்துவிட்டாள். "சாட்சி சொன்ன வாயில பீடி நாத்தம். கர்த்தருக்கு மூக்கே இல்லன்னு நெனச்சுட்டியா?" என்றாள். பிறகு அழுதாள்.

விரலை எடுத்தார்கள். கட்டு மாற்றிய நர்ஸம்மா, "வியாழக்கிழமை கீழ் ரூம்ல பீடி விடறதுக்கு உதவி பண்றாங்க. இலவசம்தான்" என்றார். நான் போகவில்லை. போனால் கர்த்தர் விடுவிக்கவில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அப்படி நினைத்தே இரண்டு மாதம் ஓட்டினேன். அடுத்த விரலும் மரத்தது. முழங்கால் போட முடியவில்லை. உட்கார்ந்தபடி ஜெபித்தேன். "ஆண்டவரே, கால் வேணும். எப்படியாவது." அவ்வளவுதான் வந்தது.

அந்த வியாழன் மேரி என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அறையில் சாந்தம்மா என்ற கன்னடக்காரர் இருந்தார். திட்டவில்லை.

"நேத்து எஷ்டு அண்ணா?"

"எட்டு."

எழுதிக்கொண்டார். "உங்க சர்ச்சுல தெரியுமா?"

"விட்டுட்டேன்னு தெரியும்."

சிரித்துவிட்டார். "பிடிக்கறது ஒரு வேலை, ஒளிக்கறது ஒரு வேலை. ஒண்ணையாவது மொதல்ல இறக்கி வைங்க."

ஞாயிறு எழுந்து, முன்பு சொன்னது பொய் என்றேன். யாரும் கை தட்டவில்லை. போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உட்காருங்க பிரதர், ஜெபிப்போம்" என்றார். வெளியே தாமஸ் அண்ணன் காதருகே வந்து, "டேய், நானுந்தாண்டா. வியாழன் எத்தனை மணிக்கு?" என்றார்.

சேர்ந்து போனோம். பீடி ஆசையை அடக்க, வாயில் போட்டு மெல்லும் ஒரு சூயிங் கம் தந்தார்கள். ஆசை வந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடச் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடமும் ஜெபித்தேன். இரண்டு முறை தவறினேன். சொன்னேன். சாந்தம்மா அதையும் எழுதிக்கொண்டு அடுத்த வியாழன் வரச் சொன்னார். ஒரு வாரம் போகாதபோது எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு விசாரித்தார். தாமஸ் அண்ணன் இன்னும் முழுதாய் விடவில்லை. வருவதையும் விடவில்லை.

நான் விட்டு மூன்று வருடம். ஏணி ஏறுகிறேன். நாற்றம் என்று விலகியிருந்த ஜெபா என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். கர்த்தர் கேட்டார். சாந்தம்மாவை வைத்துப் பதில் கொடுத்தார்.

பிரியமானவர்களே, ஒளிக்காதீர்கள். ஜெபம் பண்ணுங்கள், அந்த அறைக்கும் போங்கள். தனியே போக வெட்கமானால் சொல்லுங்கள், கூட வருகிறேன்.

என் இரண்டு காலிலும் சேர்த்து விரல்கள் ஒன்பது.