கரி பஸ்ஸுக்கு மூச்சு திறந்தவர்

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ் கரி வாயுவில் ஓடியது. விழுப்புரத்திலிருந்து வரும்போது திண்டிவனத்துக்கு முந்தைய மேட்டில் ஏறாது. பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். "இன்னொரு தரம் ஜனம் தள்ளிச்சின்னா வேற டிரைவரப் பாத்துக்குறேன்" என்றுவிட்டார் முதலாளி. நானோ ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், வேறு வேலை தெரியாது.

திண்டிவனத்து மெக்கானிக்கிடம் ஓடினேன். ஒல்லியான மனிதர், ஒரு புருவம் தீய்ந்திருக்கும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, காற்று உள்ளே போகும் வழியை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். நாலு இழுப்புக்கு ஒருமுறை சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

"ரொம்ப ராவினா ஓட்டை விழுந்துடாதுங்களா? அந்தப் பக்கம் இஞ்சின் சூடு ஆறத் தண்ணி ஓடுதே."

"விழுந்தா தண்ணி வரும். வரலியே."

மறுநாள் மேட்டில் வேகம் குறைந்ததும் பயணிகள் வழக்கம்போலத் தாமாகவே இறங்கிவிட்டார்கள். நான் மிதித்தேன், பஸ் ஏறிவிட்டது. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் ஸ்டாண்டில் போய்த்தான் நிறுத்தினேன்.

"மூட்டைய மட்டும் ஏத்திக்கினு வந்துட்டியே, நாங்க தள்ளுறதுக்கா டிக்கெட் வாங்கினோம்?" என்றார் ஓடிவந்த ஒருவர்.

மெக்கானிக்கிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"உள்ள யாரு இருந்தாங்க?"

"யாருமில்லீங்க."

"காலி வண்டி ஏறுனது ஒரு ஏத்தமாப்பா? நாளைக்கு எல்லாரையும் உக்கார வச்சிக்கினு ஏத்து."

மறுநாள் கண்டக்டரைக் கதவில் நிறுத்தி ஒருவரையும் இறங்கவிடவில்லை. பஸ் ஏறியது, என் வேலையும் தப்பியது. சொல்லப் போனபோது இன்னொரு வண்டிக்கு அடியில் கிடந்தபடியே, "ஏறாம என்ன?" என்றார். அவ்வளவு நம்பிக்கை இருந்தவர் என்னை ஒரு நாள் முழுக்க, ஏறுமோ ஏறாதோ என்று சோறு தின்னவிடாமல் ஏன் தவிக்கவிட்டார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.